மண்டபத்துல ஓடுற பாட்டு உங்க சைடு இன்கம்ல கை வைக்குது, கவனிச்சீங்களா?

"கேமரா இருக்கா? சனி ஞாயிறு ஃப்ரீயா? நிகழ்ச்சி வீடியோ எடுங்க, மாசம் பத்தாயிரம் தாராளமா நிக்கும்"னு நம்ம சேனல்ல நானே சொல்லியிருக்கேன். அந்த அறிவுரைல ஒரு ஓட்டை இருந்துச்சு. இப்போ அதை அடைக்கிறேன். காட்டிக் கொடுத்தது என் கூட காலேஜ்ல படிச்ச ஒரு நண்பன்.

அவன் கோயம்புத்தூர்ல ஒரு ஐடி கம்பெனில சப்போர்ட் வேலை பார்க்கிறான். இஎம்ஐல கேமரா வாங்கி, மாசத்துக்கு ரெண்டு கல்யாணம் வீடியோ எடுத்து, யூடியூப்ல லைவும் போட்டுக் கொடுப்பான். ஒரு நிகழ்ச்சிக்கு 14,000 ரூபாய். ஆறாயிரம் அட்வான்ஸ், எட்டாயிரம் முடிஞ்சதும். உதவிக்கு வர்ற பையன், பெட்ரோல், நெட் எல்லாம் சேர்த்து ஒரு நிகழ்ச்சிக்கு 4,500 செலவு. கேமரா இஎம்ஐ 7,200. ஆக ரெண்டு கல்யாணம் முடிஞ்சா மாசம் 11,800 கையில நிக்கும். சம்பளத்துக்கு மேல இது வந்தா சந்தோஷம்தானே?

போன முகூர்த்த சீசன்ல ஒரு கல்யாணம். பொண்ணோட பாட்டி திருநெல்வேலில படுத்த படுக்கையா இருக்காங்க, அவங்களால வர முடியாது. லைவ் ஏற்பாடு பண்ணினதே முக்கியமா அவங்களுக்காகத்தான். கட்டிலுக்குப் பக்கத்துல டேப் வச்சு, கண்ணாடி எல்லாம் போட்டுவிட்டு உட்கார வச்சிருக்காங்க. மாலை மாத்துற நேரம் சவுண்ட் சர்வீஸ்காரர் ஒரு சினிமா பாட்டைப் போட்டார். மண்டபமே சிரிச்சுக் கை தட்டுது. இவன் கேமராவோட மேடையில. லேப்டாப் பக்கத்துல இருந்த பையன் யூடியூப்ல வந்த எச்சரிக்கையைப் பார்த்துட்டு என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிறான். கொஞ்ச நேரத்துல லைவ்ல கல்யாணத்துக்குப் பதிலா அசையாத ஒரு படம். அப்புறம் லைவே நின்னுடுச்சு. புது லிங்க் போட்டு எல்லாருக்கும் அனுப்புறதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சாச்சு.

பொண்ணோட அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "எங்கம்மா பார்க்கலப்பா." மீதி எட்டாயிரத்தைக் கொடுக்கல. அந்த மாசம் நண்பன் கையில நின்னது 3,800 ரூபாய். அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. எதுக்காகக் காசு பேசினாரோ அது நடக்கல, அவ்வளவுதான்.

நண்பன் என்கிட்ட கேட்டான்: "நான் பாட்டே போடலையே மச்சான், அது தானா ஓடுச்சு. எனக்கு எதுக்கு தண்டனை?"

நியாயமான கேள்விதான். ஆனா யூடியூப்ல இருக்கிற கன்டென்ட் ஐடிக்கு 'தானா ஓடுச்சு'ன்னா என்னன்னு புரியாது. 2007ல இருந்து இருக்கிற சிஸ்டம் அது. மியூசிக் கம்பெனிகள் தங்களோட பாட்டை அதுகிட்ட ஒப்படைச்சு வச்சிருக்காங்க. நீங்க ஏத்துற ஒவ்வொரு வீடியோவையும் அதோட ஒப்பிட்டுப் பார்க்கும். எடிட்டிங்ல நீங்க சேர்த்த பாட்டா, பின்னாடி ஸ்பீக்கர்ல ஓடின பாட்டான்னு வித்தியாசம் பார்க்காது. அன்லிஸ்டட்ல போட்டாலும் பார்க்கும்.

இங்க ரெண்டு வார்த்தையைப் பலர் குழப்பிக்கிறாங்க. கிளைம் வேற, ஸ்ட்ரைக் வேற. கிளைம்னா உங்க சேனலுக்கு ஆபத்து இல்ல, காசுக்குத்தான் ஆபத்து. பாட்டுக்காரங்க அந்த வீடியோவை முடக்கலாம், சும்மா கண்காணிக்கலாம், இல்ல விளம்பரம் போட்டு வருமானத்தை எடுத்துக்கலாம். பெரும்பாலும் நாம பார்க்கிறது மூணாவதுதான். இருபது நிமிஷ வீடியோல ஒரு நிமிஷம்தான் பாட்டு வருதுன்னாலும் இருபதுல ஒரு பங்கு மட்டும் போகும்னு நினைக்காதீங்க. சாதாரண கிளைம்ல அந்த வீடியோவோட மொத்த விளம்பர வருமானமும் அந்தப் பக்கம் போயிடும். வாடகை வீட்டுல ஆணி அடிச்சதுக்கு வீட்டுக்காரர் மொத்த அட்வான்ஸையும் பிடிச்சுக்கிற மாதிரி.

ஸ்ட்ரைக் அதைவிட சீரியஸ். உரிமையாளர் முறைப்படி புகார் கொடுத்து வீடியோவை நீக்கினா வர்றது அது. 90 நாளைக்குள்ள மூணு வாங்கினா சேனலையே மூடலாம். நாலு வருஷமா சேர்த்த சப்ஸ்கிரைபர்ஸ் மொத்தமும் போச்சு. வருமானம் வர்ற சேனலை நான் ஒரு சொத்தாத்தான் பார்க்கிறேன். கிளைம்னா அந்த சொத்தோட வாடகை போகுது, ஸ்ட்ரைக்னா சொத்தே போகலாம்.

கிளைம் வந்தா டிஸ்ப்யூட் பண்ணலாம். இதுல காசு சம்பந்தமான ஒரு விஷயம் பலருக்குத் தெரியறதில்ல. கிளைம் வந்த அஞ்சு நாளைக்குள்ள டிஸ்ப்யூட் போட்டா, முதல் நாள்ல இருந்து வர்ற வருமானத்தை யூடியூப் தனியா நிறுத்தி வைக்கும். ஜெயிக்கிறவங்களுக்கு அது போகும். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டா, டிஸ்ப்யூட் போட்ட நாள்ல இருந்துதான் கணக்கு. எதிர்த்தரப்புக்கு பதில் சொல்ல 30 நாள் டைம். ஆனா அவங்க பதிலுக்கு டேக்டவுன் கொடுத்தா கிளைம் ஸ்ட்ரைக்கா மாறும். அதனால கையில உண்மையான உரிமையோ அனுமதியோ இல்லாம, வெறும் கோவத்துல டிஸ்ப்யூட் பட்டனை அமுக்காதீங்க.

யூடியூபுக்கும் இந்த அநியாயம் தெரியாம இல்ல. 2019ல ஒரு விதி கொண்டு வந்தாங்க. கடைக்குள்ள போகும்போது அங்க ஓடுற பாட்டு, ரோட்டுல போற கார்ல கேக்கிற பாட்டு மாதிரி தெரியாம பதிவாகிற இசை, ஒண்ணு ரெண்டு செகண்ட் வர்ற துண்டு, இதுக்கெல்லாம் ஆளே உட்கார்ந்து கையால கிளைம் போட்டு உங்க வருமானத்தை எடுக்கக்கூடாது. கேக்க நல்லா இருக்கு இல்ல? ஆனா விதி கையால போடுற கிளைமுக்கு மட்டும்தான். கன்டென்ட் ஐடி தானா பிடிக்கிறதுக்கு இது பொருந்தாது. நமக்கு வர்றதுல முக்காவாசி தானா பிடிக்கிறதுதான்!

சரி, யூடியூப் ஒரு தனியார் கம்பெனி, சட்டம் என்ன சொல்லுது?

"கல்யாணத்துல பாட்டுக்கு காப்பிரைட் கிடையாதுன்னு கவர்மெண்டே சொல்லிடுச்சே"ன்னு பலர் சொல்வாங்க. பாதி உண்மை. காப்புரிமைச் சட்டம் 1957ல 52வது பிரிவு, மதச் சடங்குகள்ல பாட்டு போடுறதுக்கும் பாடுறதுக்கும் விலக்கு தருது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மத்த கொண்டாட்டங்களும் அதுல அடங்கும்னு அந்தப் பிரிவோட விளக்கத்துலயே இருக்கு. மத்திய அரசோட தொழில் வர்த்தகத் துறை 2023 ஜூலைல இதை மறுபடியும் தெளிவுபடுத்தி அறிவிப்பு விட்டுச்சு. ராயல்டி கேட்டு மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் ஆள் வந்ததுதான் காரணம்.

ஆனா அந்த விலக்கு மண்டபத்துக்குள்ள, சடங்கு நடக்கும்போது பாட்டு ஒலிக்கிறதுக்கு. அதைப் பதிவு பண்ணி, மூணு வாரம் கழிச்சு எடிட் பண்ணி, உலகமே பார்க்கிற மாதிரி ஏத்துறது சடங்கோட பகுதின்னு சொல்றது ரொம்ப கஷ்டம். லைவ்ல போனா, 'சடங்கு நடக்கிற நேரத்துலதானே போகுது'ன்னு ஒரு நல்ல வக்கீல் வாதாட இடம் இருக்கு. ஆனா கன்டென்ட் ஐடி வாதத்தைக் கேட்டுட்டு முடிவு எடுக்கிறதில்ல. முகூர்த்தமும் தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்காது.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்த இடம் ஒண்ணு இருக்கு. அதே 52வது பிரிவுல, ஒரு வீடியோவோட பின்னணியில ஓவியமோ சிற்பமோ தற்செயலா வந்தா தப்பில்லைன்னு எழுதியிருக்கு. சுவத்துல மாட்டின பெயின்டிங் ஃபிரேம்ல வந்தா பிரச்சினை இல்ல. அதே சுவத்துல மாட்டின ஸ்பீக்கர்ல இருந்து வர்ற பாட்டுக்கு இந்த விலக்கு கிடையாது. கண்ணுக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயமா? பிரிட்டன்ல 1988 சட்டத்துல தற்செயலா பதிவாகிற எதுக்கும், இசை உட்பட, விலக்கு உண்டு. வேணும்னே சேர்த்த இசைன்னா மட்டும் அந்த விலக்கு கிடைக்காது. நம்ம சட்டத்துலயும் ஒரு வரி சேர்த்தா போதும். படம் எடுக்கிறவர் தேர்ந்தெடுக்காத, நிகழ்ச்சில தானா ஒலிச்ச பாட்டுக்கு விலக்கு, அவ்வளவுதான். நான் இதைத்தான் கேக்கிறேன். பாட்டை எல்லாம் ஃப்ரீயா கொடுங்கன்னு கேக்கல.

ஏன்னா இந்தப் பக்கமும் நியாயம் இருக்கு. நம்ம ஊர்ல பாட்டு எழுதினவங்களும் இசையமைச்சவங்களும் ஒரே தடவை சம்பளம் வாங்கிட்டுப் போன காலம் ரொம்ப நீளம். 2012 திருத்தம் வந்த பிறகுதான், உரிமையை எழுதிக் கொடுத்தாலும் ராயல்டி பங்கை விட்டுக்கொடுக்க முடியாதுன்னு அவங்களுக்கு ஒரு பாதுகாப்பு கிடைச்சுது. 2017ல எஸ்பிபி கச்சேரிகளுக்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பினப்போ டீக்கடைல ரெண்டு அணியா பிரிஞ்சு சண்டை போட்டது ஞாபகம் இருக்கா? நான் அப்போ எஸ்பிபி அணி. சைடு இன்கம்னு ஒண்ணு வந்து, நான் எடுத்த வீடியோவை இன்னொருத்தர் டவுன்லோட் பண்ணி அவர் சேனல்ல போட்ட அன்னிக்குத்தான் அந்தப் பக்கத்து வலி புரிஞ்சுது.

"பத்து செகண்டுக்குள்ள இருந்தா ஓகே", "பாட்டுக்கு கிரெடிட் போட்டா ஓகே", "மானிடைஸ் பண்ணாம இருந்தா ஓகே". இந்த மூணுக்கும் நம்ம சட்டத்துல இடம் கிடையாது. "பழைய பாட்டுதானே"ன்னு சொல்றதும் ஆபத்து. ஒரு பாட்டுல குறைஞ்சது மூணு உரிமை இருக்கு. வரி, மெட்டு, ரெக்கார்டிங். ரெக்கார்டிங்குக்கு வெளியான வருஷத்துல இருந்து 60 வருஷம். வரிக்கும் மெட்டுக்கும் அதை எழுதினவர், அமைச்சவர் இறந்து 60 வருஷம். கண்ணதாசன் 1981ல காலமானார், எம்.எஸ்.விஸ்வநாதன் 2015ல. அவங்க சேர்ந்து பண்ணின 1960 பாட்டு ஒண்ணோட ரெக்கார்டிங் உரிமை முடிஞ்சிருந்தாலும், வரிக்கு 2041 முடியுற வரைக்கும், மெட்டுக்கு 2075 முடியுற வரைக்கும் உரிமை உயிரோட இருக்கும். உங்க பொண்ணு கல்யாணத்துக்கும் அது 'பழைய பாட்டு' ஆகாது.

நாதஸ்வரம் வாசிச்சா? தியாகராஜர் கீர்த்தனைக்கு காப்பிரைட் இல்ல. ஆனா வாசிக்கிறவருக்கு, அந்த வாசிப்பைப் பதிவு பண்ணவும் வெளியிடவும் தன்னோட சம்மதம் வேணும்னு சொல்ற உரிமை இதே சட்டத்துல இருக்கு. மியூசிக் கம்பெனி நம்ம காசை எடுக்குதுன்னு புலம்புற நாம, மேளக்காரர்கிட்ட "அண்ணே, யூடியூப்ல போடப் போறோம், பரவாயில்லையா?"ன்னு கேட்டிருக்கோமா? நண்பன் இதுவரை எத்தனையோ கல்யாணம் எடுத்திருக்கான், ஒரு தடவைகூட கேட்டதில்லையாம்.

போராடிப் பார்க்கலாமேன்னு தோணுறவங்களுக்கு அமெரிக்காவுல நடந்த ஒரு கதை. 2007ல ஸ்டெஃபனி லென்ஸ்னு ஒரு அம்மா, சமையலறைல தன் குட்டிப் பையன் ஆடுற வீடியோவை யூடியூப்ல போட்டாங்க. மொத்தமே 29 செகண்ட். பின்னாடி பிரின்ஸோட பாட்டு ஒண்ணு கரகரன்னு கேக்கும். யுனிவர்சல் மியூசிக் அதை நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்புச்சு. டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடுற ஒரு அமைப்பு அந்த அம்மாவுக்காக வழக்கு போட்டுச்சு. நியாயமான பயன்பாடான்னு யோசிச்சுப் பார்க்காம நீக்கச் சொல்லக்கூடாதுன்னு 2015ல மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லுச்சு. வழக்கு சமரசத்துல முடிஞ்சது 2018ல. 29 செகண்டுக்கு 11 வருஷம்! ஆடின குழந்தை அதுக்குள்ள பெரிய பையனாயிட்டான். அந்தத் தீர்ப்புக்கு நான் தலை வணங்குறேன். ஆனா மாசம் 11,800 சம்பாதிக்கிற ஒருத்தனோட பட்ஜெட்ல பதினோரு வருஷ வழக்குக்கு இடம் இருக்கா?

அதனால சட்டம் மாறுற வரைக்கும் இதை ஒரு தொழில் செலவா, ஒரு ரிஸ்க்கா கணக்குல எடுத்துக்கிறதுதான் என் அபிப்ராயம். பெட்ரோலுக்குக் கணக்கு போடுறீங்க, பாட்டுக்கு ஏன் போடல? உரிமம் உள்ள இசை கொடுக்கிற தளங்கள்ல வருஷ சந்தா இருக்கு. சந்தா 12,000னு வச்சுக்குங்க, வருஷம் 24 நிகழ்ச்சி பண்ணினா ஒண்ணுக்கு 500 ரூபாய். அதைக் கொட்டேஷன்ல ஏத்துங்க. வாங்கும்போது ஒண்ணு மட்டும் பாருங்க: மலிவான பிளான்ல பல, உங்க சொந்த சேனலுக்கு மட்டும்தான் செல்லும், கஸ்டமருக்குச் செய்ற வேலைக்குச் செல்லாது. வரவு செலவு கணக்கு எழுதி வரி கட்டுறவங்க இந்த பில்லை செலவா காட்டலாம், பத்திரமா வச்சுக்குங்க. சம்பளத்துக்கு வழக்கமா போடுற ஐடிஆர்-1 இந்த மாதிரி தொழில் வருமானத்துக்கு ஆகாதுங்கிறதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

காசே வேண்டாம்னா யூடியூப் ஸ்டுடியோல ஆடியோ லைப்ரரி இருக்கு. கிளைம் வந்த பிறகும் அந்தப் பாட்டை மட்டும் மியூட் பண்ணவோ, மாத்தவோ, அந்த இடத்தை வெட்டவோ வசதி இருக்கு. பப்ளிக் பண்றதுக்கு முன்னாடி பிரைவேட்டா ஏத்தி, செக் முடியுற வரைக்கும் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. லைவ்னா புரோகிதருக்கும் மேளத்துக்கும் தனி மைக் வைங்க, கேமரா மைக்கை நம்பாதீங்க. சினிமா பாட்டு ஆரம்பிச்ச உடனே சவுண்டை இறக்குறதுக்கு லேப்டாப்ல ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு அந்த அதிகாரமும் வேணும். இருபது முப்பது சொந்தக்காரங்கதான் பார்க்கப் போறாங்கன்னா கூகுள் மீட் மாதிரி ஒரு தனி அழைப்பே போதும், யூடியூப் எதுக்கு? நண்பன் மாட்டினதே இதுலதான். 4,000 மணி நேர வாட்ச் டைம் சேர்க்கணும்னு கஸ்டமரோட கல்யாணத்தைத் தன்னோட சேனல்ல ஓட்டினான். இந்த ஆசையும் எனக்குப் புரியுது, நானும் அப்படி இருந்தவன்தான்.

கேமராவே இல்லாதவங்களும் ஒண்ணு கவனிங்க. "உனக்குத்தான் எடிட்டிங் தெரியுமே"ன்னு ஆபீஸ்ல ஆண்டு விழா வீடியோவை உங்க தலைல கட்டுவாங்க. இன்ஸ்டாகிராம்ல இருக்கிற பாட்டு வசதி தனிநபர் பயன்பாட்டுக்கு, வியாபாரத்துக்கு இல்ல. கம்பெனி பக்கத்துல ட்ரெண்டிங் பாட்டு போட்டு ரீல் விட்டா அது விளம்பரக் கணக்குல வரும். எந்தப் பாட்டுன்னு மேனேஜர் மெயில்ல சொல்லட்டும், வாய்ல சொன்னதை நம்பி ஏத்தாதீங்க.

இப்போ நண்பன் அனுப்புற கொட்டேஷன் வாட்ஸ்அப்ல ஒரு பத்தி புதுசா இருக்கு. லைவ்ல சினிமா பாட்டு ஓடும்போது சவுண்ட் நிறுத்தப்படும், ஏதாவது காரணத்தால லைவ் நின்னா தனி அழைப்பு லிங்க் தயாரா இருக்கும், வீட்டுக்குக் கொடுக்கிற காப்பில நடந்தது நடந்தபடி இருக்கும், யூடியூப்ல போகிற காப்பில இசை மாறும். வீட்டுக் காப்பிக்காக யார் கதவையும் யாரும் தட்டினதா நான் கேள்விப்பட்டதில்ல. சட்டம் அதுக்கு முழு அனுமதி கொடுத்திருக்குன்னு உத்தரவாதமும் தர மாட்டேன். முதல்ல அந்தப் பத்தியைப் படிச்ச ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் "பாட்டு இல்லாம என்னப்பா கல்யாணம்?"னு கேட்டாராம். "மண்டபத்துல தாராளமா போடுங்க மாமா, லைவ்ல மட்டும் ரெண்டு நிமிஷம் சவுண்ட் வராது"ன்னு சொன்னதும் சரின்னுட்டார்.

அந்த எட்டாயிரம் என்னாச்சுன்னு கேப்பீங்க. கேமரால எல்லாமே பதிவாகித்தான் இருந்துச்சு. சண்டை போடாம, முழுசா எடிட் பண்ணி ஒரு பென்டிரைவ்ல போட்டு, திருநெல்வேலிக்கே நேர்ல கொண்டு போய்க் கொடுத்தான். பொண்ணோட அப்பா ஐயாயிரம் ஜிபே பண்ணினார். மீதி மூவாயிரத்தை நண்பன் கேக்கல. பாட்டி அந்த மாலை மாத்துற இடத்தை மட்டும் மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்க்கிறாங்களாம், பாட்டோட சேர்த்து.